பாப்பம்மா வைத்த பொட்டு

தசரதன் வீட்டுக்கு நெருப்பு வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால், மறைத்து வைத்திருந்தான் பார் என்பீர்கள். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். என் பெயர் மரியகுழந்தை. நந்திதுர்க்குக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு சின்னத் தங்கச் சுரங்கத்தில் சம்மட்டிக்காரனாக இருந்தேன். முன்கோபி என்று நாங்கள் குடியிருந்த கூலி லைன் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யா சொல்கிறார்கள்?

தசரதன் குடியாத்தத்துப் பக்கத்து ஆள். இருபது வயதில் பவுரிங்பேட்டை வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து சுரங்கம் வரை நடந்தே வந்தவன். இப்போது பங்காருபேட்டை என்கிறார்களே, அதுதான் பவுரிங்பேட்டை. எங்கள் சுரங்கத்துக்கு அப்போது ரயில் கிடையாது. அவனை எஞ்சின் வீட்டில் எண்ணெய் ஊற்றப் போட்டார்கள். கல்லை இடித்துத் தூளாக்கும் மில்லை ஓட்டுகிற நீராவி எஞ்சின் அது. அதன் பெரிய சக்கரம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பெரும்பகுதி தரைக்கு மேலே, மிச்சம் குழிக்குள்ளே. வேகம் கூடாமல் குறையாமல் எஞ்சினை ஒரே சீராக ஓட வைக்கிற சக்கரம். அதற்கு எண்ணெய் விட்டு, துடைத்து, தூசி தட்டிக்கொண்டு பதினைந்து வருஷம் இருந்தான்.

பேச்சு குறைவு அவனுக்கு. பேச்செல்லாம் அவன் பெண்டாட்டி பாப்பம்மாவிடம் இருந்தது. கட்டையாக, கறுப்பாக இருப்பாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். பிள்ளை இல்லை. அதைக் குறையாகச் சொன்ன ஒருத்தியை, "உன் வீட்டு நாலையும் நான்தானே தெனம் மூக்கு சிந்தி வுடறேன், அப்புறம் இன்னாத்துக்குத் தனியா ஒண்ணு?" என்று கேட்டவள்.

எஞ்சின் வீட்டுக்குள் பொம்பளைகளை விடமாட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் விடுவார்கள். எஞ்சினை நிறுத்தி, கழுவி, அவரவர் வீட்டுப் பெண்கள் வந்து சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு, "இரும்புக்குக் கல்யாணமாடா?" என்று கேலி பண்ணுவேன். மற்றவர்கள் சக்கரத்தின் ஆரக்காலில், சிலிண்டரில், கைக்கு எட்டின இடத்தில் வைப்பார்கள். பாப்பம்மா மட்டும் குழியைத் தாண்டி எட்டி, சக்கரத்தின் நடுக் குடத்தில் வைப்பாள். வண்டிச் சக்கரத்துக்கு இருப்பது போலத்தான் இதற்கும் குடம். நடுவில் அச்சு நுழைகிற இடம். குழியைச் சுற்றின கம்பித் தடுப்பைத் தாண்டி அவள் விழுந்துவிடாமல் தசரதன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, எல்லோரும் கூச்சல் போடுவார்கள்.

அந்தக் குடத்தின் முகத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. "இது நெத்தியாட்டம் கீதே, இங்கியே வைக்கிறேன்" என்பாளாம். சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, அந்தக் குழிவில் குங்குமம் வைப்பாள். மற்றப் பொட்டெல்லாம் மறுநாளே துடைப்பில் போய்விடும். துடைக்கிறவன் தசரதன் அல்லவா? அவள் வைத்ததை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைப்பான். எண்ணெய் குடித்து, சூட்டில் காய்ந்து, அவள் பொட்டு கல் மாதிரி ஆகிவிட்டது. அந்த வட்டம் ஒரு திருகாணியின் தலை என்பது அவனுக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் சக்கரம் லேசாக ஆடுகிறது என்று எஞ்சினைப் பழுது பார்க்கிற ஒரு வெள்ளைக்கார பிட்டர் அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே துளை போட்டு அந்தத் திருகாணியை இறக்கியபோது, விளக்குப் பிடித்தவன் இவன்தான். அந்த பிட்டர் கப்பலேறிப் போய்விட்டார். எஞ்சின் வரைபடத்திலும் குறிக்கவில்லை. எங்களில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கே பின்னால்தான் தெரியும், உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பிறகு பிளேக் வந்தது.

லைனில் எலி செத்து விழுந்த மறு வாரம் பாப்பம்மாவுக்குக் காய்ச்சல், அக்குளில் கட்டி. வண்டியில் ஏற்றிப் பிளேக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். நோய் தொற்றியிருக்குமோ என்று தசரதனை வேறொரு கொட்டகையில் போட்டார்கள். நாலாம் நாள் அவள் போனாள். முகம்கூடக் காட்டவில்லை, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் பிளேக் அதிகாரி எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டு, நோய் வந்த தட்டி வீடுகளைக் கொளுத்தச் சொன்னார். தசரதன் வீட்டுக்கு நான் போனேன். மூங்கில் தட்டிக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கொடியில் ஒரு சிவப்புச் சேலை, சுவரில் செருகின ஒரு மரச்சீப்பு. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால் நோய் என் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று பயம். பந்தத்தை வைத்தேன். மூங்கில் பட்பட்டென்று வெடித்தது. அவ்வளவுதான், பத்து நிமிஷம்.

கொட்டகையிலிருந்து தசரதன் வந்தபோது அவனுக்கு உடுத்த வேட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அவளுடையது என்று சொல்ல ஊசி முனைகூட மிச்சமில்லை, அந்தப் பொட்டைத் தவிர.

வேறு லைனில் ஓர் ஓரத்துத் தட்டி வீடு கொடுத்தார்கள். பிளேக் வீட்டுக்காரன் என்று முதலில் யாரும் அண்டவில்லை. பிறகு பயம் போய்விட்டது, ஆனால் அண்டாத பழக்கம் போகவில்லை. காலையில் ஒரு தடவை களி கிண்டுவான், அதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்வான். குழாயடியில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவன் போனதும் தொடரும். மத்தியானம் பாய்லருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தின்பான். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் நிற்கும் நாளில், யாருக்கும் வேலையில்லாத அந்த நாளில், அவன் மட்டும் உள்ளே போய் சக்கரத்துக்கு எதிரே பொழுது சாயும் வரை உட்கார்ந்திருப்பான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். நானா? அவன் எதிரே வந்தால் மூக்குப்பொடி போடுகிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். முரடன், கோபக்காரன், எவனுக்கும் பயப்படாதவன், அந்த ஒரு ஆளின் கண்ணைப் பார்க்கத் துப்பில்லாமல் நாலு வருஷம் ஓட்டினேன்.

அப்புறம் காவேரியிலிருந்து கம்பி வழியாகக் கரண்டு வந்தது. பெரிய சுரங்கங்களுக்கெல்லாம் வந்து, அடுத்த வருஷம் எங்களுக்கும் வந்தது. நீராவி எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு அதே இடத்தில் மோட்டார் வைக்கவேண்டும். மற்றதெல்லாம் கழன்று வந்தது. சக்கரம் மட்டும் வரவில்லை. சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கழற்று, கழன்றால் வேறு இடத்துக்கு விற்கலாம், கழலாவிட்டால் திங்கட்கிழமை வெடி வைத்து உடைத்துக் குழியைக் காலி பண்ணிவிடுவேன் என்றார். அன்று வியாழக்கிழமை. ஐந்து ஆள் கொடுத்தார். அதில் ஓர் ஆள் தசரதன்.

குடத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஆப்பு இறக்கியிருப்பார்கள். சக்கரத்தை அச்சோடு பிடித்து வைப்பது அதுதான். முதலில் அதைப் பிடுங்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பின்பக்கமிருந்து உளியை வைத்து அடித்தோம். அடி என்றால் அப்படி ஓர் அடி. என் சம்மட்டிக் காம்பு இரண்டு உடைந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஆப்பு முனகிக்கொண்டே வெளியே வந்தது. ஆகா, இனி என்ன, நாளைக்குக் காலையில் சக்கரம் வாசலில் என்று நான் மீசையை முறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை என் மீசை தொங்கிப்போயிற்று. சுவருக்கும் குடத்துக்கும் நடுவே இரண்டு ஜாக்கி வைத்துத் தள்ளினோம். மேலே கப்பி கட்டிச் சங்கிலியால் இழுத்தோம். ஒரு தண்டவாளத் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டி மோதினோம். மாதாவே! மயிரிழை நகரவில்லை. ஜாக்கியின் பல்தான் போயிற்று. நான் சக்கரத்தைத் திட்டினேன், அதை வார்த்தவனைத் திட்டினேன், கூட இருந்த ஐந்து பேரையும் திட்டினேன். தங்கவேலு என்ற ஆள், "சக்கரத்துக்குக் காது கேக்காது, எங்களுக்குக் கேக்குது அண்ணே" என்றான். தசரதனும் எல்லோரோடும் நின்றான். கை கொடுத்தான், தள்ளினான், இழுத்தான். எல்லோரும் ஓய்வெடுத்தபோது குடத்தின் பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

சனிக்கிழமை நெருப்பு. அதுதான் கடைசி வழி. குடத்தைச் சுற்றி இரும்புக் கூடையில் கரியைக் கொட்டி, துருத்தி வைத்து ஊதினால், குடம் சூடாகி விரியும். உள்ளே இருக்கிற அச்சு விரியக்கூடாது. அதனால் அச்சில் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீர் ஊற்றுகிற வேலையைத் தசரதனுக்குக் கொடுத்தேன். எண்ணெய் ஊற்றிய கைதானே, பொறுமையாக ஊற்றுவான் என்று.

காலை முழுக்க ஊதினோம். பின்பக்கம் குடம் சிவக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அடித்தால் அசைய மாட்டேன் என்கிறது. துரை வந்து பார்த்து, சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு சாப்பாட்டுக்குப் போனார். மற்றவர்களையும் கஞ்சி குடிக்க அனுப்பினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேதான் பிடித்துக்கொண்டிருக்கிறது இந்தச் சனியன் என்று பின்பக்கமிருந்து முன்பக்கத்துக்குச் சுற்றி வந்தேன்.

முன்பக்கத்தில் ஆவி பறந்தது. தசரதன் தடுப்பின் மேல் குப்புறச் சாய்ந்து, ஈரச் சாக்கை மடித்துக் குடத்தின் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அச்சில் அல்ல, குடத்தில்! நாங்கள் ஐந்து பேர் உயிரைக் கொடுத்துச் சூடேற்றுகிறோம், இவன் குளிர வைத்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா பண்றே?"

சாக்கை இன்னும் அழுத்தினான்.

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. அவன் தோளைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். சாக்கு குழியில் விழுந்தது. அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். "மூணு நாளா நாங்க பொணமாட்டம் ஒழைக்கிறோம், நீ தண்ணி வுட்டுக்கினு கீறியா? யார் வயித்துல அடிக்கிறே?" என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தான். சாக்கு போன இடத்தில் அந்தப் பொட்டின் விளிம்பு புகைய ஆரம்பித்தது. காய்ந்த சந்தனம் கருகுகிற வாசனை வந்தது.

"நெருப்ப எடு மரியா," என்றான். "சக்கரம் வரும். நான் சொல்றேன், நீ மொதல்ல நெருப்ப எடு."

"இன்னாத்துக்கு?"

"அது பாப்பம்மா வெச்சது. எரியக்கூடாது. எல்லாம் எரிஞ்சிடுச்சி, இது எரியக்கூடாது."

கரிக்கூடையைக் கொக்கியால் இழுத்துத் தள்ளினேன். தண்ணீரை ஊற்றி அணைத்தேன். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். பொட்டுக்கு அடியில் திருகாணி இருப்பதை, அதைப் பிட்டர் இறக்கினதை, தான் விளக்குப் பிடித்ததை. அதை எடுத்தால் சக்கரம் தானாக வரும் என்பதை.

"மொதநாளே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினா சும்மா இருந்தே? திங்கக்கெழம வெடி வெச்சா அப்பவும் போயிடப் போவுதேடா, பைத்தியக்காரா!"

"திங்கக்கெழம வரைக்கும் இருந்திருக்குமே," என்றான். "நாளைக்கு ஞாயித்துக்கெழம."

கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தேன்.

அவன் எழுந்து வாளியில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். "நீ வெளிய போ மரியா. நானே எடுக்கிறேன்" என்றான். குடம் இன்னும் கொதிக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்றேன். இரண்டு மணிச் சங்கு ஊதினால் துரை வந்துவிடுவார், அவர் முன்னால் எடுக்கமாட்டேன் என்றான். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தி, சாப்பிட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினேன். "உள்ள இன்னா?" என்றான் தங்கவேலு. "வாயை மூடிக்கினு நில்லு" என்றேன். உள்ளே சுரண்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்களைத் தாண்டித் தொலைவில் வேறு சுரங்கத்து மில் இடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மில் நின்றுபோய் ஒரு வாரம்.

கதவு திறந்தபோது அவன் கையில் வாளி. தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. பிள்ளையாரைக் கரைப்பது போலக் கரைத்திருக்கிறான். வேலிக்கு அப்பால், யார் காலும் படாத புதர் அடியில் ஊற்றிவிட்டு வந்தான். உள்ளே குடத்தின் முகத்தில் திருகாணியின் தலை பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரம் எண்ணெய் விட்டு, முனை தீட்டின கம்பியை வைத்து நான்தான் திருகினேன். அவன் வலது கையை மூடி வைத்திருந்தான், கம்பியை வாங்கவில்லை. நாலு சுற்றில் திருகாணி வந்துவிட்டது. பிறகு பின்பக்கம் போய் மூன்று அடி. மூன்றே அடி. சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டு விரல் அகலம் நகர்ந்தது. ஆட்கள் ஓவென்று கத்தினார்கள்.

துரை வந்து என் முதுகில் தட்டினார். திருகாணியைப் பார்த்துவிட்டு, இது யாருக்கும் தெரியாதா என்று கேட்டார். தசரதன், "மறந்துட்டேன் தொர" என்றான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் என்மேல் எனக்கே கோபம்.

ஆட்கள் சக்கரத்தைச் சங்கிலியில் தொங்கவிடுகிற மும்முரத்தில் இருந்தபோது அவன் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தான். போய் அவன் கையைப் பிடித்து விரித்தேன். கட்டைவிரல் நுனி முழுக்க வெந்து கொப்புளித்திருந்தது. சுரண்டும்போது பட்டதில்லை அது. அவள் விரல் அழுத்தின குழிவில் தன் விரலை வைத்து அழுத்தியிருக்கிறான். கொதிக்கிற இரும்பில், எவ்வளவு நேரமோ, யாருக்குத் தெரியும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். "உன் வீட்டுக்கு நெருப்பு வெச்சது நான்தான்டா" என்றேன். "அவ பொடவ கொடியில இருந்துச்சி. எடுத்துப் போடல. பயந்துட்டேன்."

"தெரியும்," என்றான். "கொட்டாயிலேர்ந்து பாத்தா லைன் தெரியும். உன் நடைய எனக்குத் தெரியாதா? யாராவது வெச்சித்தானே ஆவணும்."

"அப்ப ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?"

"நீ வருவேன்னு பாத்தேன்," என்றான். "வந்து, இன்ன மாதிரி ஆச்சி, இன்னின்ன இருந்துச்சி, எரிஞ்சிதுன்னு சொல்லுவேன்னு பாத்தேன். அவளப் பத்திப் பேச எனக்கு யாரு கீறாங்க? நாலு வருசமா பாத்தேன் மரியா."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும், என் பெண்டாட்டி ஞானசுந்தரி வைத்த கருவாட்டுக் குழம்பை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். எஞ்சின் வீடு வெறுமையாகக் கிடந்தது. அங்கே உட்காரப் போகாத முதல் ஞாயிறு அவனுக்கு. தட்டிக் கதவருகே, எங்கே போவதென்று தெரியாதவன் போல நின்றுகொண்டிருந்தான். களி கிண்டியிருந்தான். ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. எடுத்து எனக்குப் போட வந்தான், விரல் மடங்கவில்லை, தட்டு நழுவியது. நான் பிடித்து நடுவில் வைத்தேன்.

இடது கையால் சாப்பிட அவனுக்கு வரவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, பசியில்லை என்றான். நான் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, அவன் வாயருகே நீட்டினேன். பந்தம் பிடித்த அதே கை, அவனை அறைந்த அதே கை. வாங்கிக்கொள்ள மாட்டானோ என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டான். நான் பேச ஆரம்பித்தேன். கொடியில் சேலை எந்தப் பக்கம் தொங்கியது, சீப்பு எந்த மூங்கிலில் செருகியிருந்தது, அடுப்பில் என்ன சட்டி இருந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சீப்பில் இரண்டு பல் உடைந்திருந்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

அவன் மென்று விழுங்கினான். பிறகு, "கொழம்புல உப்பு கம்மி" என்றான்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த உருண்டையைத் தோய்த்தேன்.